ஓடாத வண்டிக்கு வாரம் ஒரு மணி நேரம்

என் கணவருக்கு வெளிநாட்டில் கார்களைச் சோதிக்கிற வேலை. வேகமாக ஓடுவதற்கென்றே செய்யப்பட்ட கார்களை ஒரு வட்டப் பாதையில் விரட்டிப் பார்த்து, எந்தப் பாகம் எப்போது கெடும் என்று சொல்ல வேண்டும். கெட்டுப்போகும் என்று சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவர் என்பதால் எங்கள் சொந்தத்தில் யார் கார் வாங்கினாலும் முதல் போன் அவருக்குத்தான் போகும். மாரண்டஹள்ளியில் தக்காளி மண்டி வைத்திருக்கும் அவருடைய அத்தை மகன் எஞ்சினுக்கு வேகம் கூட்டுகிற டர்போ வைத்த கார் ஒன்றை வாங்கினான். ஓசூர் வரை விரட்டிக்கொண்டு போய், நின்ற கையோடு அணைத்துவிடுவான். "அணைக்கறதுக்கு முன்ன ஒரு நிமிஷம் சும்மா ஓடவுடுடா, டர்போ சூடு ஆறட்டும்" என்று இவர் அங்கிருந்து தலையால் அடித்துக்கொள்வார். தக்காளி விலை விழுந்த நாட்களில் மட்டும் அவன் அதைச் செய்வதாகச் சொன்னான். அன்றைக்கெல்லாம் வண்டியை விட்டு இறங்க மனசு வராதாம்.

இப்படிப்பட்டவர் தனக்கென்று வாங்கியது ஒரு ஹைபிரிட். பெட்ரோல் எஞ்சினும் கரண்டு மோட்டாரும் சேர்ந்து ஓட்டுகிற வண்டி. லீவில் வந்தபோது வாங்கினார். அரூருக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டு ஷெட்டில் டிராக்டருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். லீவு முடிந்து போய்விட்டார். வீட்டில் மாமியார், பள்ளிக்கூடம் போகிற மகள், நான். மூன்று பேருக்கும் கார் ஓட்டத் தெரியாது. அப்புறம் எதற்குக் கார் என்று கேட்டவர்களிடம், அவர் வரும்போது ஓட்டுவார் என்று சொன்னேன். அவர் வருவது வருஷத்துக்கு ஒரு தடவை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வீடியோ கால் வரும். நலம் விசாரிப்பதில் வண்டிக்குத்தான் முதல் இடம்.

"பெரிய பேட்டரி ஒண்ணும் ஆவாது. முன்னால ஒரு சின்ன பேட்டரி இருக்குது பாரு, சும்மா நின்னா அதுதான் படுத்துரும். அது படுத்தா பெருசும் எந்திரிக்காது. வாரம் ஒரு மணி நேரம் ரெடில போட்டு வை."

பிரேக்கை மிதித்து பட்டனை அழுத்தினால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பச்சையாக 'ரெடி' என்று எழுத்து வரும். அவ்வளவுதான். சத்தம் வராது. எஞ்சின் தனக்குத் தோன்றும்போது எழுந்து கொஞ்சம் ஓடி மறுபடி படுத்துக்கொள்ளும். அதனால் ஷெட் கதவைத் திறந்து வைக்க வேண்டும், புகை தேங்கினால் ஆளுக்கு ஆபத்து. பானட்டுக்குள் எலி ஒயரைக் கடிக்காமல் இருக்க ரசகற்பூர உருண்டையைத் துணியில் கட்டித் தொங்கவிட வேண்டும். டயர் ஒரே இடத்தில் நின்றால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும், வாரத்துக்கு ஒரு முழம் நகர்த்தி வைக்க வேண்டும். எப்படி நகர்த்துவது என்று பக்கத்தில் இருப்பது போலவே வீடியோவில் சொல்லிக்கொடுத்தார். பிரேக்கிலிருந்து காலை லேசாக எடுத்தால் அதுவே நகரும். இதையெல்லாம் நான் தவறாமல் செய்தேன். எனக்கு வேறு வேலை இல்லை.

மாமியாருக்கு இந்த வண்டி ஓடுகிறது என்பதிலேயே நம்பிக்கை இல்லை. டிராக்டர் கிளம்பினால் பக்கத்துக் கொல்லையில் இருக்கிறவர்களுக்கும் தெரிய வேண்டும் என்பது அவர் கட்சி.

"சத்தத்தையே காணம். ஓடுதுங்கற."

"ஓடுதுங்கத்த."

"என்னமோ போ."

பங்குனி வெயில் தொடங்கியதும் ஏசியைப் போட்டுக் கதவைத் திறந்து, உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். உட்கார்ந்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் போவதற்கு முன்னாலேயே பின்சீட்டில் ஒரு கூடை புளியோடு உட்கார்ந்திருந்தார். ஓட்டை உடைத்து, நாரை உருவி, கொட்டையைத் தட்டி எடுக்கிற வேலை. அந்த வருஷத்துப் புளி பூராவும் ஏசியில்தான் சுத்தமானது. கொஞ்ச நாளில் டேஷ்போர்டில் மஞ்சளாக ஒரு விளக்கு எரிந்தது. பின்சீட்டின் ஓரத்தில் சல்லடை மாதிரி ஒரு சின்னத் திறப்பு உண்டு. சீட்டுக்கு அடியில் இருக்கும் பெரிய பேட்டரி அதன் வழியாகத்தான் குளிர்ந்த காற்றை இழுக்கிறது. காற்றோடு புளி நாரையும் இழுத்து வைத்திருந்தது. என் கணவர் வீடியோவில் பார்த்துவிட்டு அது என்ன என்று கேட்டார்.

"தூசிடா" என்றார் மாமியார். "இந்த ஊர்ல அப்படித்தான் தூசி."

பிரஷ் வைத்து எடுத்தோம். அதிலிருந்து மாமியார் முன்சீட்டுக்கு மாறிக்கொண்டார்.

என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சேலத்தில் பார்மசி படித்தவள். கல்யாணத்துக்கு முன்னால் தர்மபுரியில் ஒரு மருந்துக் கடையில் கொஞ்ச நாள் வேலை பார்த்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகாதே என்று யாரும் சொல்லவில்லை. இப்போதைக்கு வேண்டாம் என்றார்கள். அந்த இப்போதைக்கு முடியவே இல்லை. மகள் பிறந்தாள், நடந்தாள், பள்ளிக்கூட வேனில் ஏறிப் போகவும் தொடங்கிவிட்டாள். நான் வாரத்துக்கு ஒரு மணி நேரம் காருக்குள் உட்கார்ந்து, டேஷ்போர்டில் அந்தப் பச்சை எழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்த கோபத்தையெல்லாம் பாத்திரங்கள் வாங்கிக்கொண்டன.

அவர் சொன்னது ஒரு முழம். முதலில் ஒரு முழம்தான் நகர்த்தினேன். அப்புறம் ஷெட் வாசல் வரை. அப்புறம் களத்தைச் சுற்றி. களத்தைச் சுற்றியவளுக்கு ரோடு கண்ணில் படாமல் போகுமா? அரூரில் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தேன். கிளட்ச் என்று ஒன்று இருப்பதே அங்கேதான் தெரிந்தது. லைசென்ஸ் வந்தது. டயரெல்லாம் நன்றாக இருக்கிறதா என்று அவர் கேட்டபோது, ரொம்ப நன்றாக இருக்கிறது என்றேன். அதில் பொய் எதுவும் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் சித்தேரி மலையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு மருந்து கொடுக்க ஆள் தேவை என்று கூடப் படித்தவள் ஒருத்தி சொன்னாள். எழுதிப் போட்டேன். கூப்பிட்டார்கள், பேசினார்கள், எடுத்துக்கொண்டார்கள். வருகிற திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லையென்றால் அடுத்த ஆளைக் கூப்பிடுவோம் என்றார்கள். காலை பஸ் மலை ஏறும்போது நோயாளிகள் பாதிப் பேர் வந்து காத்திருப்பார்கள். கடைசி பஸ் ஆஸ்பத்திரி மூடும் முன்னாலேயே இறங்கிவிடும். சொந்த வண்டி இருந்தால்தான் அந்த வேலை. என் வீட்டு ஷெட்டில் ஒரு வண்டி இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவரிடம் சொன்னேன்.

"மலையா? நான் வந்தப்பறம் பாத்துக்கலாம்" என்றார்.

"அதுக்குள்ள வேற ஆளப் போட்டுருவாங்க."

"போட்டா போடட்டும். வண்டிய மலைக்கெல்லாம் எடுக்க முடியாது. உனக்கு ஓட்டவே தெரியாது."

"வாரம் ஒரு மணி நேரமாச்சும் ஓடலைன்னா படுத்துரும்னு வண்டியப் பத்தி மட்டும் உங்களுக்கு நல்லாத் தெரியுது."

"ஆமா, அதத்தான் நானும் சொல்றேன்" என்றார். "ரசகற்பூரம் கரைஞ்சிருக்கும், மாத்திப் போடு."

போனை வைத்துவிட்டு அடுப்படிக்குப் போனேன். அன்றைக்கு ஒரு குண்டானின் காது போய்விட்டது. மாமியார் அந்தக் காதை எடுத்து ஓரமாக வைத்தார்.

"எத்தன மணிக்குக் கெளம்பணும்?" என்றார்.

"எங்கீங்கத்த?"

"மலைக்குத்தான். புள்ளைய வேன்ல ஏத்தி வுட்டுட்டுப் போறியா, நான் ஏத்தி வுடணுமா?"

நானே ஏற்றிவிட்டுப் போகிறேன் என்றேன். அவர் ஒரு ஈரத்துணியை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். சீட்டில் புளி ஒட்டியிருக்கும், நல்ல சேலை கெட்டுப்போகும் என்று சொல்லிக்கொண்டே போனார்.

திங்கட்கிழமை மலை ஏறினேன். எதிரே வந்த பஸ்ஸுக்கு ஒதுங்கிய இடத்தில் உள்ளங்கை வேர்த்துவிட்டது. மற்றபடி வண்டி ஏறியது. ஆஸ்பத்திரியில் என்னை ஜன்னலுக்குப் பின்னால் உட்கார வைத்தார்கள். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை, குழந்தைகளுக்குச் சளி மருந்து. பேரெல்லாம் மறந்திருக்கும் என்று பயந்துகொண்டு போனேன். ஒன்றும் மறக்கவில்லை. ஒரு பெரியவரிடம் இதைச் சாப்பாட்டுக்கு முன்னால் போட வேண்டும் என்றேன். "சாப்பாடு எப்பன்னு எனக்கே தெரியாதுங்க, காட்டுக்குப் போனா போனதுதான்" என்றார். அப்படியானால் காட்டுக்குக் கிளம்பும்போது கையில் எடுத்துக்கொள்ளுங்கள், கூழ் குடிக்க உட்கார்ந்ததும் முதலில் இதைப் போடுங்கள் என்றேன். அவர் மாத்திரையை வேட்டியில் முடிந்துகொண்டு போனார். அந்த ஜன்னலில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. மத்தியானம் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே மறந்துவிட்டேன்.

சாயங்காலம் இறங்கினேன். பாதி இறக்கத்தில், ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு முன்னால், வண்டி கத்தத் தொடங்கியது. ஆக்சிலேட்டரில் என் கால் இல்லை. ஆனால் யாரோ அதை அழுத்தி மிதிப்பது போல எஞ்சின் உறுமியது. ஷெட்டில் இருந்த நாளெல்லாம் வாயே திறக்காத வண்டி. ஓரமாக நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, அணைத்துவிட்டு உட்கார்ந்தேன். இது கெட்டுவிட்டால் நாளைக்கு நான் மலை ஏற முடியாது. ஒரே நாளில் வேலை போய்விடும். அவர் சொன்னதுதான் சரி என்று எல்லோரும் சொல்வார்கள், நானும் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். இந்தச் சத்தம் என்னவென்று சொல்லக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து உலகத்திலேயே ஒருத்தர்தான். போனில் ஒரு கோடு சிக்னல் இருந்தது.

"வண்டி கத்துதுங்க" என்றேன்.

"எந்த வண்டி?"

"நம்ம வண்டிதான்."

"ஷெட்லயா?"

"இல்லீங்க. சித்தேரி எறக்கத்துல."

அந்தப் பக்கம் ஏதோ ஒரு வேகமான கார் சுற்றிப் போகிற சத்தம் கேட்டது.

"யாரு ஓட்டறா?"

"நான்தான்."

"எப்பருந்து?"

"வேலைக்குச் சேந்துட்டேன். இன்னைக்குத்தான் மொத நாள்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டினால் திருப்பிச் சொல்வதற்குப் பல வருஷத்துப் பேச்சு என்னிடம் சேர்ந்திருந்தது.

"பேட்டரி எவ்வளவு காட்டுச்சு?" என்றார்.

"ஃபுல்லா இருந்துச்சு."

"சிவப்பா, மஞ்சளா வெளக்கு ஏதாச்சும்?"

"ஒண்ணும் இல்லீங்க."

அவர் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. "ஒண்ணும் கெடல. எறங்கறப்ப வர்ற வேகத்த எல்லாம் பேட்டரி வாங்கி வாங்கி வெச்சுக்குது. இப்ப ரொம்பிருச்சு, இனி எடமில்ல. அதனால எஞ்சின் வண்டியப் புடிச்சு நிறுத்துது. புடிக்கறப்ப கத்தும். கத்தட்டும். நீ பயப்படாத."

"சரிங்க."

"கியர்ல பி-ன்னு இருக்கும் பாரு, பார்க்கிங் பி இல்ல, பிரேக்குக்கு வர்ற பி. அதுல போட்டு மெதுவா எறங்கு. பிரேக்கையே மிதிச்சுட்டு வராத, சூடாயிரும்." அப்புறம் சேர்த்துச் சொன்னார். "நாளைக்கு மேலருந்து எறங்கக் கெளம்பறப்பவே பி-ல போட்டுரு. பாதி வழில போடாத."

சரி என்று நான் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது.

நாளைக்கு என்று சொல்லிவிட்டார். என்ன சொன்னோம் என்று அவருக்குத் தெரிந்ததா என்பது எனக்கு இன்று வரை தெரியாது. நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து நன்றாக அழுதேன். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, வண்டியைக் கிளப்பி, பி-யில் போட்டு இறங்கினேன். அடிவாரம் வரை எஞ்சின் கத்திக்கொண்டேதான் வந்தது. கத்தட்டும் என்று விட்டுவிட்டேன்.