நிளா எந்த கம்ப்யூட்டர்?

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் துபாய் அல் குசைஸில், ஏ.சி. உதிரிபாகம் விற்கும் கம்பெனியில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்வது என் வேலை. காப்பியடித்த சாஃப்ட்வேருக்காக அதிகாரிகள் கம்பெனி கம்பெனியாகச் சோதனை போடுகிறார்கள் என்று யாரோ சொல்ல, பம்பாய்க்கார மேனேஜர் பதறிப்போனார். "எந்த மெஷின்ல என்ன இருக்குன்னு பாரும்மா, ஜல்தி!"

பத்திரிகையோடு வந்த சிடி ஒன்றில் அதற்கான இலவச புரோகிராம் இருந்தது. நெட்வொர்க்கிலுள்ள மெஷின்களைத் துழாவி, உள்ளே இருப்பதை எழுதித்தரும். ஓடவிட்டேன். பம்பா, பெரியாறு, நிளா என்று வந்தது. எனக்கு முன்னால் அங்கே இருந்த மலையாளி, மெஷின்களுக்குத் தன் ஊர் ஆறுகளின் பெயரை வைத்துவிட்டுப் போயிருந்தார். எது யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. மேஜை மேஜையாக உட்கார்ந்து கண்டுபிடித்தேன். நிளா மட்டும் அகப்படவில்லை. பட்டியலில் பார்த்தால் அதில் முழுக்க விளையாட்டுகள்!

ஸ்டோர் பார்க்கும் கீழக்கரை பாயிடம் புலம்பினேன்.

"வயரைப் புடிச்சுக்கிட்டே போவோம், வாங்க தங்கச்சி."

எந்த மேஜைக்கும் போகாத ஒரு வயர் மாடியேறி, எங்கள் விசாவுக்குப் பொறுப்பான உள்ளூர் அரபியான கபீலின் அறைக்குள் போனது. கையெழுத்துப் போட மட்டுமே வருகிறவர் என்றுதான் நினைத்திருந்தோம். கதவைத் தட்டினால், மனிதர் கார் ரேஸ் ஓட்டிக்கொண்டிருக்கிறார்.

"செக்கிங், சார்" என்றேன். நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார்.

கீழே வந்து சொன்னதும் மேனேஜர், "அந்த மெஷினை விட்டுடு, அது இல்லவே இல்லை" என்றார். நேரில் பார்த்ததை எப்படி இல்லையென்று எழுதுவது? விட்டால் பொய், எழுதினால் வேலை போகுமோ?

மறுநாள் கபீலே கூப்பிட்டனுப்பினார். திரையைக் காட்டி, உடைந்த ஹிந்தியில், "இதில் திருட்டு எது?" என்று கேட்டார்.

"எல்லாமே, சார்."

"கீழே?"

அங்கேயும் அப்படித்தான் என்று தலையாட்டினேன். அவர் எழுந்து விறுவிறுவென்று இறங்கிப்போய் மேனேஜர் முன்னால் நின்றார். "எல்லாம் ஒரிஜினல் வாங்கு. கலாஸ்." அதோடு பேச்சு முடிந்தது.

அந்த மாதமே ஒரிஜினல் பெட்டிகள் வந்து இறங்கின. மேனேஜர் அவற்றை என் மேஜையில் வைத்துவிட்டு, என்னை ஒரு பார்வை பார்த்தார். அது கோபமா, நிம்மதியா? எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.