பெரியப்பா டெல்லி போகாத கதை

அன்று மாரியம்மன் கோயில் வாசலில் இருந்தவர்கள்: என் பெரியப்பா, பங்காளிகள் இரண்டு பேர், பூசாரி, தேர்தலில் நிற்கிறார் என்று சேலத்திலிருந்து நான் கூட்டி வந்த வக்கீல், ஒரு கறுப்புக் கிடாய். வராதவர் எதிர் வேட்பாளர். டெல்லி மத்திய சட்டசபையில் பல வருஷம் உட்கார்ந்த அவர் மோகனூர்ப் பக்கம் எதற்கு வரப் போகிறார்?

அப்போது, வெள்ளைக்காரன் காலத்தில், நிலவரி நிறையக் கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. எங்கள் ஊரில் பெரியப்பாவுக்கும் அந்தப் பங்காளிகளுக்கும் மட்டும் இருந்தது. மூன்றும் வக்கீலுக்கே என்று சேலத்தில் வாக்குக் கொடுத்திருந்தேன். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவன் சொல் பொய்த்தால், அப்புறம் எந்த முகத்தோடு ஊருக்குள் நடப்பது?

"ஏனுங்க, டெல்லி வேலையெல்லாம் முன்னப்பின்னப் பழக்கமுங்களா?" என்றார் பெரியப்பா.

"நெசவாளர் சொசைட்டியில ரெண்டு வருஷம் செயலாளருங்க. அப்புறம் சத்தியாக்கிரகத்துல ஆறு மாசம் ஜெயில்" என்றார் வக்கீல்.

"எம் மச்சினனுந்தான் சாராயங் காச்சி ஜெயிலுக்குப் போனான். அவனை அனுப்பலாமுங்களா?"

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கிரேக்கர்களின் ஜனநாயகத்திலிருந்து தொடங்கினேன்.

"நீ சித்த இரு சாமி" என்றார் பெரியப்பா. அம்மனையே கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று. மஞ்சள் தண்ணீர் ஊற்றிக் கேட்கும்போது கிடாய் உடம்பை உதறினால் அது உத்தரவு.

"வக்கீல் போகட்டுமா தாயே?" பூசாரி தெளித்தார். கிடாய் வக்கீலின் கதர்த் துண்டை மென்றது. "பழைய மெம்பரே போகட்டுமா?" புழுக்கை போட்டது. வக்கீல் சிரிப்பை அடக்கத் தூணைக் கட்டிக்கொண்டார். நான் அழ வேண்டிய இடம். எனக்கும் சிரிப்புத்தான் பொத்துக்கொண்டு வந்தது.

பெரியப்பாவுக்குப் பொறுமை போயிற்று. குடத்தைப் பிடுங்கிக் கிடாய் தலையில் கவிழ்த்து, "பின்ன யாருதான் போறது, நானா?" என்றார்.

கிடாய் கொம்பு முதல் வால்வரை உதறியது. எல்லோர் மேலும் மஞ்சள்.

பெரியப்பா காவிரிக்கு அக்கரைகூடப் போனதில்லை.

"போய்ட்டு வாங்கண்ணா. வாரப்ப ஒரு கம்பளி வாங்கிட்டு வாங்க" என்றார் ஒரு பங்காளி.

"எருமையை ஆரு கறக்கறது?" என்றார் பெரியப்பா. உத்தரவை மீறினால் குடும்பத்துக்கு ஆகாது. சட்டென்று வக்கீலின் கையைப் பிடித்தார். "எனக்குப் பதிலா நீங்க போய் உக்காருங்க சாமி. உங்க பழக்கமே போதுமுங்க. ஜெயிலாச்சும் பாத்திருக்கறீங்கல்ல?"

பங்காளிகளும் தலையாட்டினார்கள். மூன்று ஓட்டும் விழுந்த மாதிரிதான்.

உதறிய கிடாயை வெட்டிச் சோறு போட்டாக வேண்டும். வேட்பாளர் விருந்து வைத்தால் வழக்காகிவிடும் என்று சட்டம் பேசினேன். வக்கீலும் அவசரமாக ஆமென்றார். ஆக, கிடாய், அரிசி, மிளகாய், பூசாரி தட்சணை எல்லாம் பெரியப்பா தலையில். டெல்லிக்குப் போகாமல் இருக்க அவருக்கு ஆன செலவு எட்டு ரூபாய் ஆறணா.