எங்கள் தெரு அண்டாவுக்கு வாடகை

சேரன்மகாதேவிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். ஊர் ஒரு பக்கம், நாங்கள் ஒரு பக்கம், நடுவில் வாய்க்கால். வாய்க்காலுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்கள் தெருவை அரசாங்கத் தாளில் காலனி என்று எழுதுவார்கள். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் தம்பி கல்யாணம் அந்தத் தெருவில்தான் நடந்தது. அன்றைக்கு எனக்கு வந்த கோபம்தான் பின்னால் நடந்த அத்தனைக்கும் காரணம். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும். வந்தால் லேசில் போகாது.

கடைத்தெருவில் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடை ஒன்றே ஒன்று இருந்தது. முன்பணம் கொடுத்து வைத்திருந்தோம். கல்யாணத்துக்கு முதல் நாள் நானும் மதினியும் அண்ணனின் மாட்டுவண்டியோடு போனோம். மதினி என் அண்ணன் மனைவி. நாற்று நடவுக்கும் சண்டைக்கும் எனக்குத் துணை அவள்தான். கடைக்குள் கால் வைக்கப் போன என்னைக் கடைக்காரர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"உள்ள வராத. உங்க ஆளுகளுக்குன்னு பின்னால கொட்டகையில தனியா வச்சிருக்கேன். எடுத்துக்கிடுங்க."

கொட்டகையில் இருந்ததை என்னவென்று சொல்ல? ஒரு அண்டாவும் நேராக உட்காரவில்லை. ஒன்றின் அடியில் இருந்த ஓட்டையைச் சோப்புத் துண்டு வைத்து அடைத்திருந்தார்கள். கரண்டிக்குக் காம்பு ஆடியது. வாடகை மட்டும் எல்லாருக்கும் ஒரே வாடகை. மறுநாள் சோப்பு உருகி, பாதிச் சாம்பார் அடுப்புக்குள் போயிற்று. சம்பந்தி வீட்டார் சாத்தான்குளம் பக்கத்திலிருந்து லாரி பிடித்து வந்தவர்கள். புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டே, "சாம்பார் வாசம் நல்லா வருது, சாம்பாரத்தான் காணோம்" என்று சிரித்தார்கள். கேலிதான், மனதில் ஒன்றுமில்லை. ஆனால் எனக்கு அன்று முழுக்கச் சோறு இறங்கவில்லை.

கொஞ்ச நாளில், எங்களைப் போன்றவர்கள் சின்னத் தொழில் தொடங்க அரசாங்கம் மானியத்தோடு கடன் கொடுக்கிறது என்று தண்டோரா போட்டார்கள். எங்கள் தெருவுக்கு அது புதிது இல்லை. முன்பே பல பேர் எருமைக் கடன் வாங்கியிருந்தார்கள். உண்மையில் தெருவில் இருந்தது ஒரே ஒரு எருமை. அதிகாரி பார்வையிட வருகிற அன்று அது முதல் வீட்டில் நிற்கும். அவர் அங்கே இளநீர் குடித்து முடிப்பதற்குள் பின்பக்கமாகப் போய் நாலாவது வீட்டில் அசை போட்டுக்கொண்டிருக்கும். எங்கள் தெருவில் அதைவிட அதிகமாக உழைத்தவர்கள் யாரும் இல்லை. ஆட்களையும் குற்றம் சொல்வதற்கில்லை. எது கேட்டாலும் எருமைதான் தருவோம் என்றால் மனிதன் என்ன செய்வான்?

நான் எருமை கேட்கவில்லை. வங்கி மேலாளர் முன்னால் போய் நின்று, பாத்திரம் வாங்கி வாடகைக்கு விடப்போகிறேன் என்றேன். அவர் பாளையங்கோட்டைக்காரர். நல்ல மனிதர், ஆனால் எதையும் நம்புவதற்கு நேரம் எடுத்துக்கொள்வார்.

"உங்ககிட்ட யாரும்மா பாத்திரம் எடுப்பாங்க? ஊருக்குள்ள இருந்து வருவாங்களா?"

"வரவேண்டாம் சார். ஆத்தங்கரை நெடுக எந்த ஊருக்குப் போனாலும் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் எங்க தெரு ஒண்ணு இருக்கு. அங்கன கல்யாணம் நடக்கு, சடங்கு நடக்கு, காதுகுத்து நடக்கு, கோயில் கொடை நடக்கு. எல்லாத்துக்கும் ஓட்டை அண்டாவத்தான் தூக்கிட்டு வாராவ."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எருமையே வாங்கிக்கொள்ளுங்களேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நான் நாற்காலியில் உட்காரவும் இல்லை, நின்ற இடத்தை விட்டு நகரவும் இல்லை. மூன்று நான்கு முறை அலையவிட்டு, கடைசியில் சம்மதித்தார். ஒன்று மட்டும் அழுத்திச் சொன்னார். தவணை தவறினால் பாத்திரம் அத்தனையும் வங்கிக்குப் போய்விடும். அப்புறம் எங்கள் தெருவில் இந்த மாதிரித் தொழிலுக்கு அவரால் யாருக்கும் கடன் கொடுக்க முடியாது.

திருநெல்வேலி டவுனில் ரத வீதிக்குப் போய்ப் பாத்திரம் வாங்கினோம். அண்டா, சருவம், வாளி, தாம்பாளம், சட்டுவம் என்று மதினி ஒவ்வொன்றையும் விரலால் சுண்டிச் சத்தம் கேட்டுத்தான் எடுத்தாள். பெயர் வெட்டுகிறவர் உளியை வைத்துக்கொண்டு, "யார் பேரு வெட்டணும்?" என்று கேட்டார். என் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். எனக்கு அன்றைக்கு இருந்த பெருமையில் எங்கள் தெருவின் பெயரைச் சொன்னேன். பெரிதாக, விளிம்பைச் சுற்றி வெட்டச் சொன்னேன்.

வண்டி தெருவுக்குள் நுழைந்தபோது எல்லாரும் வெளியே வந்துவிட்டார்கள். வெயிலில் பித்தளை கண்ணைப் பறித்தது. ஒருத்தி அண்டாவுக்குள் முகத்தைப் பார்த்துப் பொட்டைச் சரிசெய்துகொண்டாள். தெருவின் பெயரை வாசித்துக் காட்டச் சொல்லி ஆள் ஆளாக வந்தார்கள். நான் வாசித்து வாசித்துக் காட்டினேன். அந்த இடத்தில்தான் சிக்கினேன் என்று அப்போது தெரியவில்லை.

முதல் கல்யாணம் பக்கத்து வீட்டில். பாத்திரம் போயிற்று, சாம்பார் அடுப்புக்குள் போகவில்லை, எல்லாருக்கும் சந்தோஷம். திரும்பி வரும்போது அண்டாவில் ஒரு சீப்பு வாழைப்பழமும் வெற்றிலையும் இருந்தன. வாடகையைக் காணோம். கேட்டால், கல்யாண வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டே சொன்னார்.

"நீ மொய் செய்யணும்லா? வாடகைய மொய்யில கழிச்சுக்கிட்டேன். நோட்டுல உன் பேர எழுதியாச்சு."

அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும் அப்படியே. ஒரு தெரு என்றால் எல்லாரும் மாமன், மச்சான், சித்தப்பன். பக்கத்து ஊர்க் காலனிகளிலும் பெண் கொடுத்து எடுத்த உறவுதான். யார் வீட்டு விசேஷம் என்றாலும் நான் மொய் செய்ய வேண்டியவள்தானே! போதாக்குறைக்கு அண்டாவிலேயே தெருவின் பெயர் இருக்கிறது. "நம்ம தெரு அண்டாவுக்கு நாமளே வாடகையா?" என்று வாய்விட்டே கேட்டார்கள். ஒரு முகூர்த்த காலம் முழுவதும் பாத்திரம் ஓய்வில்லாமல் ஓடியது. என் வீட்டில் வாழைப்பழம் அழுகியது. மொய் நோட்டுகளில் என்னைவிடப் பெரிய மனுஷி அந்த வட்டாரத்தில் இல்லை. வங்கியில் மட்டும் தவணை நின்றுபோனது.

மேலாளர் ஆள் அனுப்பினார். ஆடி முடிவதற்குள் நிலுவையைக் கட்ட வேண்டும், இல்லையென்றால் ஜீப்போடு வந்து எடுத்துக்கொள்வோம் என்று. ஆடியில் கல்யாணம் கிடையாது. இருந்தது ஒன்றுதான், எங்கள் தெருக் கோயில் திருவிழா, கொடை. கொடைக்கு ஊர் ஊராக இருக்கிற எங்கள் சொந்தம் எல்லாம் வந்து சாப்பிடும். அந்த வாடகை கைக்கு வந்தால் நிலுவை தீரும்.

கொடைக் கூட்டம் வேப்பமரத்தடியில் நடந்தது. ஆண்கள்தான் உட்காருவார்கள். நானும் மதினியும் போய் நின்றோம். தெருவுக்குத் தலைவர் என் வீட்டுக்காரரின் தாய்மாமா. அந்த வருஷக் கொடை வரியை முதல் ஆளாக அவர் கையில் கொடுத்தேன், பின்னால் சொல்லிக்காட்டக் கூடாது என்பதற்காக. பிறகு பாத்திர வாடகையையும் முன்பணத்தையும் கேட்டேன்.

கூட்டம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. மாமா வெற்றிலையை மென்று முடித்துவிட்டுப் பைய சொன்னார்.

"சாமிக்குப் பொங்குததுக்கு நம்ம வீட்டுப் பிள்ளையே வாடகை கேக்கியா? கேக்க நல்லாவா இருக்கு?"

பின்னாலிருந்து ஒருவர், "கடன் வாங்கினதும் கடைக்காரி ஆயிட்டா" என்றார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். நான் ஒரு அடி முன்னால் போனேன்.

"மாமா, போன கொடைக்குப் பாத்திரம் எங்க எடுத்திய?"

"கடைத்தெருவுல."

"எந்தப் பக்கமா போய் எடுத்திய?"

அவர் அடுத்த வெற்றிலைக்கு மடியைத் தடவினார்.

"கொட்டகைப் பக்கமா போய் எடுத்திய. முன்பணம் குடுத்திய. ஒரு ரூவா குறைங்கன்னு கேட்டியளா? மொய்யில கழிச்சுக்கிடுங்கன்னு சொன்னியளா? உள்ள வராதன்னு சொன்னவனுக்குக் குனிஞ்சு நின்னு குடுத்திய. உங்க அடுப்புல நேரா உக்காருத அண்டா கொண்டாந்தவளுக்குக் குடுக்க மட்டும் கேவலமா இருக்கு."

மதினி என் முந்தானையைப் பிடித்து இழுத்தாள், போதும் என்று. எனக்குப் போதவில்லை.

"ஆடி முடிஞ்சா ஜீப்பு வரும். அண்டாவ ஏத்திட்டுப் போவாவ. நம்ம தெருப் பேரோட அது ஏலத்துக்கு நிக்கும். கடைத்தெருக்காரரே எடுப்பாரு. அடுத்த கொடைக்கு அதையே அவருகிட்ட வாடகைக்கு எடுப்பிய. அப்போ முன்பணம் மறக்காமக் குடுப்பிய."

சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. எனக்கு அழுகை பிடிக்காது, ஆனாலும் வந்தது. மாமா எழுந்தார். அடிக்கத்தான் வருகிறாரோ என்று நினைத்தேன். அவர் மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து, அதன்மேல் பணத்தை வைத்து, கடைக்காரருக்கு எப்படிக் கொடுப்பாரோ அப்படியே இரண்டு கையாலும் நீட்டினார்.

"வாங்கிக்கம்மா. இது முன்பணம். மிச்சத்தப் பாத்திரம் வந்து எறங்கும்போது வாங்கிக்க." பிறகு கூட்டத்தைப் பார்த்து, "இனி நம்ம சனத்துல யாரும் மொய்யில வாடகையக் கழிக்கக்கூடாது. மொய் வேற, வாடகை வேற. சம்மதந்தானலே?" என்று கேட்டார்.

சம்மதம் என்றார்கள். கடைக்காரி என்று சொன்னவரும் சொன்னார், கொஞ்சம் சத்தம் கம்மியாக.

கொடை அன்று மத்தியானம் ஜீப் வந்துவிட்டது. ஆடி முடிய இன்னும் நாள் இருந்தது. மேலாளர் முன்கூட்டியே ஒரு பார்வை பார்க்க வந்திருக்கிறார். வில்லுப்பாட்டு ஒலிபெருக்கியில் முழங்கிக்கொண்டிருந்தது. அடுப்பு வரிசையில் எங்கள் அண்டாக்கள் அத்தனையும் ஏறியிருந்தன. சோறு ஒன்றில், கறிக்குழம்பு ஒன்றில், கொதிநீர் ஒன்றில். அவர் அடுப்புக்கும் பந்திக்கும் நடுவில் நின்று பார்த்தார். சேலை முந்தானையில் முடிந்து வைத்திருந்த பணத்தை அவிழ்த்து அவரிடம் நீட்டினேன்.

"எண்ணிக்கிடுங்க சார். நாளைக்கு ரசீது வாங்க வாரேன்."

"நான் பாத்திரத்தைப் பாக்கத்தாம்மா வந்தேன்," என்றார்.

"பாத்துட்டியள்லா. சூடா இருக்கு, இன்னைக்குத் தூக்க முடியாது. சாப்பிட்டுட்டுப் போங்க."

சொல்லிவிட்டேனே தவிர, அவர் சாப்பிடுவார் என்று நான் நினைக்கவில்லை. எங்கள் தெருவுக்கு வந்த அதிகாரிகள் இளநீரோடு சரி; அதுவும் காயை அவர்கள் கண் முன்னால் சீவ வேண்டும். அவர் செருப்பைக் கழற்றினார். பந்தியில் இலைக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்தார், மாமாவுக்கும் என் அண்ணனுக்கும் நடுவில். மதினி வாளியோடு போய்க் குழம்பு ஊற்றினாள். அவர் இரண்டாவது தடவையும் கேட்டு வாங்கினார். தெருவே சாப்பிடுவதை விட்டுவிட்டு அவர் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. என் மனம் நிறைந்து, அடுப்புப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டேன்.

கை கழுவிவிட்டு என்னைத் தேடி வந்தார். முழங்காலைத் தேய்த்துக்கொண்டே சிரித்தார். தரையில் உட்கார்ந்து பழக்கம் இல்லை போல.

"மானியக் கடன் இன்னொண்ணு வருது. இதை ஒழுங்கா முடிச்சிட்டா உங்களுக்குத் தரலாம். அடுத்து என்ன வாங்குவீங்க?"

நான் யோசிக்கவே இல்லை.

"நாற்காலி சார். இப்போ புதுசா வருதே பிளாஸ்டிக்குல, அது. பந்தலு நிறைய போடுத அளவுக்கு."

"அவ்வளவு நாற்காலியா? உங்க பக்கத்துல யாரும்மா அதுல உக்காருவாங்க?"

கடைத்தெருவில், பஞ்சாயத்து ஆபீசில், ஊர் வீடுகளின் வாசலில் என்று நாங்கள் நின்றுகொண்டே பேசிய இடங்களெல்லாம் ஒரு நொடியில் மனதில் வந்து போயின. பந்தி முடிந்து எழுந்து வந்துகொண்டிருந்த எங்கள் சனத்தைக் கையால் காட்டினேன்.

"நாங்க உக்காருவோம் சார்."