தெருவே சேர்ந்து கழற்றிய பேரிங்

என் தம்பி பாக்கியசீலனுக்கு நாற்பத்தேழு வயது. தாலுகா ஆபீஸில் கிளார்க். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் அடித்தொண்டையில் பாடுவான். குடி, சீட்டு எதுவும் கிடையாது. அப்படியிருந்தும் ஏன் கல்யாணம் ஆகவில்லை என்று யாராவது கேட்டால், வீட்டு முன்னால் நிற்கும் பழைய வெள்ளைப் பத்மினி காரைத்தான் நான் கைகாட்டுவேன்.

நாசரேத்தில் ஒரு பெண் பார்க்கப் போனோம். பெண் காபித் தட்டோடு வந்தபோது மாப்பிள்ளையைக் காணவில்லை. பெண்ணின் அப்பாவுடைய ஜீப்புக்கு அடியில் கிடந்தான். அடுத்து மெஞ்ஞானபுரத்தில், பெண்ணோடு தனியாகப் பேசச் சொன்னார்கள். உங்கள் வீட்டுக் கிணற்று மோட்டார் ஏன் இப்படிச் சத்தம் போடுகிறது என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தான். அதோடு நான் கையைக் கழுவிவிட்டேன். எனக்குக் கோபம் மூக்கின் மேலேயே இருக்கும். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் நடத்தியே வயதானவள் நான். இவன் கணக்கு மட்டும் எனக்கு வரவே இல்லை.

அப்படிப்பட்டவன் இந்த வருஷம் ஜாய்சியைச் சந்தித்தான். உவரிக்காரி, ஐஸ் கம்பெனியில் மேனேஜர். சாத்தான்குளம் பக்கம் இவன் கார் படுத்துவிட, அவள் வந்த ஐஸ் வண்டிதான் கட்டி இழுத்துக்கொண்டு வந்திருக்கிறது. வழி நெடுக அவளிடம் கியர்பாக்ஸைப் பற்றிப் பேசியிருக்கிறான். அவள் கேட்டுக்கொண்டும் இருந்திருக்கிறாள். அவர்கள் ஆர்.சி., நாங்கள் சி.எஸ்.ஐ. என்று இழுக்க ஒரு காலத்தில் எனக்கு வாய் இருந்தது. இப்போது அவள் வந்தால் போதும் என்று இருந்தேன்.

போன சனிக்கிழமை ஜாய்சியும் அவள் அண்ணன் ரேமண்டும் பாளையங்கோட்டையில் எங்கள் வீடு பார்க்க வருவதாக ஏற்பாடு. புதிய பஸ் ஸ்டாண்டுக்குக் காரோடு வந்து கூட்டிப்போவதாக இவன் வாக்குக் கொடுத்துவிட்டான். ஆனால் காரின் பின்சக்கரம் நாய் ஊளையிடுவது போல ஒரு சத்தம் போட்டுக்கொண்டிருந்தது.

“பேரிங் போயிட்டுக்கா. இந்தச் சத்தத்தோட அவங்களை எப்படி ஏத்த? காலையிலேயே கழத்தி மாட்டிருதேன்” என்றான்.

“ஏலே, ஆட்டோ பிடிச்சுப் போலே” என்றேன். கேட்டால்தானே?

விடிந்தும் விடியாமலும் காரைத் தூக்கிக் கல்லில் நிறுத்தினான். சக்கரம் வந்தது, உள்ளே இருந்த பிரேக் டிரம் வந்தது. சக்கரம் மாட்டியிருக்கும் அச்சை வெளியே இழுத்தால் பேரிங்கும் கூடவே வந்துவிடும் என்றான். இழுத்தான். வரவில்லை. டீசலை ஊற்றி ஊறவைத்தான், தட்டினான், ஜெபம் பண்ணினான். அது அசையவில்லை. பிறகு சக்கரத்தையே திரும்ப மாட்டி, நட்டுகளை முழுக்க முறுக்காமல் தளர்வாக விட்டு, சக்கரத்தைப் பிடித்து வெளிப்பக்கமாக வெடுக் வெடுக்கென்று இழுத்தான். தளர்ந்த சக்கரம் சுத்தியல் மாதிரி இடித்து அச்சை வெளியே தள்ளுமாம். ஒற்றை ஆள் இழுப்புக்கு அது மசிகிறதா என்ன? ஜாய்சி பஸ் ஏறிவிட்டதாகப் போன் வந்தபோது தம்பி காருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேரிங்கைக் கெஞ்சிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு முத்துராணி வந்து சேர்ந்தாள். புருஷன் லாரி ஓட்டுகிறவர். ஆனி மாதம் நெல்லையப்பர் தேர் ஓடுகிற அன்று முத்துராணியை யாராலும் வீட்டில் பிடித்து வைக்க முடியாது.

“டீச்சர், நெல்லையப்பர் தேரையே இழுத்த கை இது. இந்தத் துக்கடா சக்கரம் எம்மாத்திரம்?” என்று சொல்லி, லாரிக் கயிற்றைக் கொண்டுவந்து சக்கரத்தில் கட்டிவிட்டாள். தெருவில் போனவர், வந்தவர், பால்காரர், இஸ்திரிக்காரர் எல்லோர் கையிலும் கயிறு வந்துவிட்டது. முத்துராணி தேர் இழுக்கும்போது சாமி பேரைச் சொல்லிக் கூவுகிற குரலை எடுத்தாள். எதிர்வீட்டுச் சபைக் கமிட்டி உறுப்பினர் யார் பேரைச் சொல்லி இழுப்பது என்று ஒரு கணம் திகைத்து, கடைசியில் வெறும் “ஏய்!” என்று கத்திக்கொண்டு சேர்ந்துகொண்டார்.

தேர் இழுப்பவர்களுக்கு ஒரே பழக்கம்தான். பிடித்த பிடியை விடக்கூடாது, நகரும் வரை இழுக்க வேண்டும். அப்படித்தான் இழுத்தார்கள். பேரிங் வரவில்லை. கார் வந்தது. கல்லிலிருந்து தொப்பென்று இறங்கி, பக்கவாட்டில் சர்ரென்று நகர்ந்து, தெருவுக்குக் குறுக்கே சாவகாசமாக நின்றது. ஜனம் என்னமோ தேர் நிலைக்கு வந்துவிட்ட மாதிரி கைதட்டியது. எனக்கு அழுகை வரவேண்டிய நேரம், சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு நடையில் உட்கார்ந்துவிட்டேன்.

சரியாக அந்த நேரம் தெருமுனையில் ஒரு ஆட்டோ வந்து, வழியில்லாமல் நின்றது. ஜாய்சி இறங்கினாள். பின்னால் ரேமண்ட், கையில் முதலூர் மஸ்கோத்து அல்வாப் பெட்டியோடு. பஸ் ஸ்டாண்டில் வெகுநேரம் காத்துக் கிடந்திருக்கிறார்கள். இவனுக்கோ போனை எங்கே வைத்தோம் என்றே தெரியவில்லை.

ரேமண்ட் என்னைத் தனியே அழைத்துப் பைய சொன்னார்: “அக்கா, மனசுல ஒண்ணும் வச்சிக்கிடாதீங்க. பஸ் ஸ்டாண்டுலயே இவ முடிவு பண்ணிட்டா, வேண்டாம்னு சொல்லத்தான் இங்க வந்திருக்கா. போன்ல சொன்னா மரியாதை இல்லன்னு நேர்ல வந்தா. அந்த வண்டிக்கு ரெண்டாந்தாரமா என்னால இருக்க முடியாதுன்னு சொல்லுதா.”

என் சிரிப்பு அங்கேயே நின்றது. அவள் சொன்னதில் என்ன தப்பு? நானே சொல்லியிருப்பேன். தம்பியைப் பார்த்தேன். தலையெல்லாம் கிரீஸ். ஜாய்சியைப் பார்த்ததும் எழுந்து நின்றான்.

இதெல்லாம் தெரியாத ஜனம் காரை மறுபடி கல்லில் தூக்கி வைத்து, அதே மாதிரி இழுக்கக் கயிற்றைப் பிடித்தது. ஜாய்சியால் அதைப் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை.

“நிறுத்துங்க! என்ன இழுப்பு இது? இப்படி இழுத்தா வண்டி எங்க ஊருக்கே வந்துரும்” என்றாள். “அண்ணே, நீ அந்தப் பக்கம் நாலு பேரோட காரைப் பிடி. மத்தவங்க நான் பாடும்போது கயித்தை லேசா விடணும். ஏலேலோன்னு சொல்லும்போது மட்டும் வெடுக்குன்னு இழுக்கணும்.”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கயிற்றின் தலைப்பைப் பிடித்தாள். உவரிக் கடற்கரையில் வலை இழுப்பவர்கள் அம்பா பாடுவார்கள். வாய்க்கு வந்ததைக் கட்டி, யாரையாவது கிண்டல் பண்ணித்தான் அந்தப் பாட்டு போகும்.

“பாளையங்கோட்டை மாப்பிள்ளையாம்...”

“ஏலேலோ!”

“பஸ் ஸ்டாண்டுக்கு வரலையாம்...”

“ஏலேலோ!”

“காருக்குத் தாலி கட்டிப்புட்டு...”

“ஏலேலோ!”

“கழத்த முடியாம நிக்குதாராம்...”

தெரு கொக்கரித்தது. நான் தம்பியைத்தான் பார்த்தேன். அவமானத்தில் சுருங்கிவிடுவான் என்று பயந்தேன். அவனோ அண்ணாந்து சிரித்துக்கொண்டிருந்தான்! கண்ணில் நீர் வழிய, கயிறு பிடிக்கவும் பலமில்லாமல், பாடகர் குழுக் குரலில் எல்லோருக்கும் மேலே “ஏலேலோ!” என்றான். ஜாய்சி திரும்பிப் பார்த்தாள். அடுத்த வரியைத் தொடங்கினாள், பாதியில் அவளுக்கும் சிரிப்பு முட்டியது. பாட்டு போன இடம் தெரியவில்லை. ஆனால் ஜனம் நிற்கவில்லை. ஏலேலோ, ஏலேலோ என்று அதுவாகவே இழுத்தது.

டங்கென்று ஒரு சத்தம். சக்கரம், அச்சு, பேரிங் மூன்றும் ஒரே மூச்சில் பிடுங்கிக்கொண்டு வர, கயிறு பிடித்த அத்தனை பேரும் ஒருவர்மேல் ஒருவர் மல்லாந்தார்கள். கமிட்டி உறுப்பினரின் மடியில் முத்துராணியின் தலை. யாருக்கும் அடியில்லை.

தம்பி பேரிங்கைப் பார்க்கவே இல்லை. நம்புங்கள், அவன் அதன் பக்கம் திரும்பவே இல்லை. நேரே ஜாய்சியிடம் போய், தூக்கிவிடக் கை நீட்டி, கிரீஸைப் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டான். அவளே அந்தக் கையை எட்டிப் பிடித்து எழுந்தாள்.

“உங்களைக் காக்க வச்சிட்டேன். தப்புதான்” என்றான்.

அவள் சேலையைத் தட்டிக்கொண்டே கேட்டாள்: “அந்தப் பக்கத்துப் பேரிங் எப்படி இருக்கு?”

“அதுவும் இப்ப லேசா சத்தம் போடத்தான் செய்யுது.”

“அதை இப்பத் தொட வேண்டாம். கல்யாணம் முடியட்டும். எங்க ஊர் ஆளுங்களைக் கூட்டிட்டு வாரேன், சேர்ந்து கழத்துவோம்.”

ரேமண்ட் கையிலிருந்த அல்வாப் பெட்டியைக் கீழே போட்டார்.

தம்பி தலையைச் சொறிந்தான். “எதுக்கு அவ்வளவு நாள் போடணும்? கயிறு இருக்கு, ஆளும் இருக்காவ. இன்னைக்கே கழத்திரலாமே?”

ஓங்கி அவன் முதுகில் ஒன்று வைத்தேன். முதுகைத் தடவிக்கொண்டே என்னைப் பார்த்தான், ரேமண்டைப் பார்த்தான், ஜாய்சியைப் பார்த்தான். கல்யாணம் என்று அவள் சொன்னது அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. நடுத்தெருவில், அத்தனை பேர் பார்க்க, கிரீஸ் கையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டான்.