மூலைத் திரை

தொண்ணூறுகளின் நடுவில் தியாகராய நகரில் ஒரு கம்ப்யூட்டர் பயிற்சி நிலையத்தில் பாடம் நடத்தினேன். மாணவர்களின் கண் கெடாமல் பார்த்துக்கொள்வதும் என் பொறுப்பு. திரைகளின் முன்னால் கண்கூச்சத்தைக் குறைக்கும் கறுப்புக் கண்ணாடி மாட்டியிருக்கும். அரை மணிக்கொருமுறை எல்லோரையும் எழுப்பி, வராந்தாவில் நின்று தூரத்து மரங்களைப் பார்க்கச் சொல்வேன்.

ஒருநாள் என் பழைய வங்கி மேலாளர் மாணவராக வந்து சேர்ந்தார். எனக்குப் பதவி உயர்வு தராமல் வேலையை விட்டே போகவைத்தவர். வங்கிக்குக் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. கற்றுக்கொள்ளாவிட்டால் அவர் நாற்காலி நிலைக்காது.

மூலையில் எழுத்து நடுங்கும் பழைய திரையை அவருக்கு ஒதுக்கி, அதன் கண்ணாடியையும் கழற்றினேன். மற்றவர்கள் வராந்தாவுக்குப் போனபோது, "உங்களுக்குப் பாடம் பாக்கி இருக்கு சார்" என்று உட்காரவைத்தேன்.

சில நாட்களில் அவர் கண்கள் சிவந்து நீர் வடிந்தது.

"எழுத்தெல்லாம் ஆடிண்டே இருக்குப்பா. மத்தவாளுக்கு ஒண்ணும் ஆகலை. எனக்கு வயசாயிடுத்தோ?"

"ஆமா சார். உங்களுக்கு இது சரிப்படாது" என்றேன். பதவி உயர்வு கேட்டபோது அவர் என்னிடம் சொன்ன அதே வார்த்தை. சொன்னதும் நெஞ்சு குளிர்ந்தது.

அவர் நம்பிவிட்டார். முன்கூட்டியே ஓய்வு கேட்டு எழுதிக்கொடுத்துவிட்டு, விடைபெற வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒளிக்காம சொன்னே. நீ நன்னா இருக்கணும்."

உண்மையைச் சொல்ல அப்போதும் நேரம் இருந்தது. நான் கையை மட்டும் விடுவித்துக்கொண்டேன்.