இராசமலரின் வலது கால்

இராசமலருக்கு இரண்டு கால்களும் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் அவள் நம்பியது ஒன்றைத்தான். வீடோ கடையோ பல் வைத்தியரின் அறையோ, எங்கே நுழைந்தாலும் வலது கால்தான் முதலில் போகும். இடது கால் துணைக்கு வரும், அவ்வளவுதான். நம்மில் பலரும் கலியாணத்தன்று ஒருமுறை வலது காலை எடுத்து வைத்துவிட்டு அதோடு மறந்துவிடுகிறோம். இராசமலர் மறக்கவில்லை. யாழ்ப்பாணத்தை விட்டு வந்து ஆக்லாந்தில் இறங்கிய அன்று, விமானத்தின் வாசலில் கால் மாறிவிட்டதென்று திரும்பி உள்ளே போய் மறுபடியும் வெளியே வந்தாள். பின்னால் நின்ற சனமெல்லாம் பைகளோடு பின்வாங்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகு விசா சரிவந்தது, கிளென் ஈடனில் வாடகைக்கு வீடு கிடைத்தது, கணவர் ஆனந்தராசாவுக்கு ஒரு கராஜில் வேலையும் கிடைத்தது. எல்லாம் அந்தக் காலால் வந்தது என்பது அவள் கட்சி. ஆனந்தராசா எதிர்க்கட்சி நடத்தும் ஆள் இல்லை.

சாதுவான மனிதர். குள்ளம். சோற்றில் கல் கிடந்தாலும் சத்தமில்லாமல் ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டுச் சாப்பிடுவார். அப்படிப்பட்டவருக்கு எண்பத்தாறாம் ஆண்டில் புத்தி பேதலித்தது. கூட வேலை செய்த ஒருவன் அவுஸ்திரேலியாவுக்குப் போகிறேன் என்று தன் பிக்கப்பை விற்க, இவர் ஓடிப்போய் வாங்கிவிட்டார். இங்குள்ளவர்கள் அதை யூட் என்பார்கள். சாதாரண யூட் என்றால் பரவாயில்லை. விற்றவன் கடற்கரை மணலிலும் காட்டுச் சேற்றிலும் ஓட்டுவதற்காக ஸ்பிரிங்கையெல்லாம் மாற்றி, டிராக்டருக்குப் பூட்டுவது போல நாலு டயரைப் பூட்டி, வண்டியைத் தூக்கி நிறுத்தியிருந்தான். ஆனந்தராசா பக்கத்தில் நின்றால் கதவுக் கைப்பிடி அவர் மூக்குக்கு நேரே வரும். ஆனாலும் உள்ளே ஏறி உட்கார்ந்ததும் அவர் முகத்தில் வந்த களை இருக்கிறதே, அது கலியாண ஆல்பத்தில்கூட இல்லை.

"இஞ்சரும், வந்து ஏறும். ஒரு ரவுண்ட் போவம்" என்றார்.

இங்கேதான் சிக்கல். கதவுக்குக் கீழே ஓர் இரும்புப் படி. ஒரு பாதத்துக்கு மேல் அதில் இடமில்லை. ஓட்டுகிறவருக்கு வலப் பக்கம், கூடப் போகிறவருக்கு இடப் பக்கம். இடப் பக்கத்தால் ஏறுகிறவர் இடது காலைப் படியில் வைத்து, வலது காலை உள்ளே விட்டு, அப்படியே உட்கார வேண்டும். இராசமலர் வைத்தது வலது கால். அப்படி வைத்தால் உள்ளே போவது இடது கால். இடது கால் முதலில் போனால் உடம்பு முழுவதும் அதோடு திரும்பிவிடும். முதுகு முன்கண்ணாடிக்கு, முகம் பின்கண்ணாடிக்கு. நம்பாதவர்கள் எழுந்து போய் உயரமான வண்டி ஒன்றில் ஏறிப் பார்க்கலாம்.

ஊருக்கு நடுவில் த்ரீ கிங்ஸ் என்ற இடத்தில் ஒரு பிறந்தநாள் விழா. காஞ்சிபுரம் உடுத்தி, வலது காலை வைத்து ஏறிய இராசமலர் பின்கண்ணாடியைப் பார்த்தபடி சீட்டில் முழந்தாளிட்டு நின்றாள். திரும்பலாம் என்றால் ஒரு பக்கம் கியர் கம்பி, ஒரு பக்கம் சேலை, நடுவில் அவளுடைய உடம்பு. மூன்றும் விட்டுக்கொடுக்கிற வகை இல்லை. விழாவுக்கு நேரமாகிவிட்டதால் ஆனந்தராசா அப்படியே வண்டியை எடுத்தார். பின்னால் வந்த காரிலிருந்த சின்னப் பிள்ளை கை காட்டியது. மரியாதைக்கு இவளும் காட்டினாள். த்ரீ கிங்ஸ் போய்ச் சேரும்வரை பிள்ளையும் விடவில்லை, இவளும் விடவில்லை. இறங்கும்போது நேரே கணவரின் தலையில் இறங்கினாள்.

"இடக்காலை வைச்சால் என்னப்பா? ஒரு வாகனம்தானே" என்றார் அவர், கழுத்தைத் தடவியபடி.

"வாகனமெண்டால் லட்சுமியப்பா. இடக்காலால மிதிக்கச் சொல்லுறீங்களோ?"

அதற்குப் பிறகு அவள் பஸ்ஸில் போனாள், இல்லாவிட்டால் போகவில்லை. பெரும்பாலும் போகவில்லை.

இது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாத விஷயமும் ஒன்று இருந்தது. பகல் முழுவதும் தனியாகக் கிடந்து இராசமலர் ஃபிரிட்ஜோடு கதைக்கத் தொடங்கியிருந்தாள். ஒருநாள் அது பதில் சொன்னது போலவும் இருந்தது. அன்றைக்குப் பயந்துபோனாள். ஒரு வேலை கிடைக்காவிட்டால் தனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்று உண்மையாகவே நம்பினாள். நகரின் மறுபக்கம் பாபடோயிட்டோயில், மோட்டல்களின் படுக்கை விரிப்புகளை வெளுத்துக் கொடுக்கும் லாண்டரி ஒன்றில் ஆள் எடுக்கிறார்கள் என்று சிநேகிதி யோகராணி சொன்னபோது, இராசமலர் மூன்று நாட்கள் சரியாகத் தூங்கவில்லை. நேர்முகத்துக்கு வரச் சொன்னார்கள். அவ்வளவு தூரத்துக்கு, அந்த நேரத்துக்கு, யூட்டை விட்டால் கதியில்லை.

அன்று காலை அவள் இடப் பக்கக் கதவோடு மல்லுக்கட்டினாள். வலது காலை வைத்தாள், பின்பக்கம் திரும்பிப்போனாள், இறங்கினாள். மறுபடி வைத்தாள், மறுபடி திரும்பிப்போனாள். சேலைக் கொய்யக மடிப்பு அவிழ்ந்தது. பின்னுக்குப் பார்த்துக்கொண்டு முதல் வேலைக்குப் போவதா? அது நல்லதுக்கில்லை. இடது காலை வைத்து ஏறுவதா? அதற்கு ஃபிரிட்ஜே மேல்.

"நேரம் போகுது, ஏறுமப்பா" என்று சொல்லிக்கொண்டே ஆனந்தராசா மறுபக்கம் போனார்.

நாலு வார்த்தை கொடுக்கலாம் என்று வண்டியைச் சுற்றிக்கொண்டு ஆவேசமாக வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். அவர் ஏறிக்கொண்டிருந்தார். படியில் வலது கால். உள்ளே இடது கால். மந்திரிமார் போல நேரே பார்த்தபடி அலுங்காமல் உட்கார்ந்துவிட்டார். இத்தனை மாதமாக இந்த மனுசன் ஒவ்வொரு நாளும் வலது காலை வைத்தே ஏறியிருக்கிறார், ஒரு வார்த்தை சொல்லவில்லை!

"இறங்குங்கோ" என்றாள்.

அவர் இறங்கினார். அவள் வலது காலைப் படியில் வைத்தாள். இடது கால் உள்ளே போனது. உட்கார்ந்தாள். கைக்கு எட்ட ஸ்டியரிங், கண்ணுக்கு நேரே தெரு. இராசமலருக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு கண்ணைத் துடைத்து, கியர் கம்பியைத் தாண்டி மெல்ல நகர்ந்து, தன் பக்கம் போய்ச் சேர்ந்தாள்.

லாண்டரி வாசலிலும் ஓட்டுநர் கதவாலேயே இறங்கினாள். அதற்கு முன்பே இறங்கிவிட்ட ஆனந்தராசா, டயரில் ஏதோ குத்தியிருக்கிறது என்று வண்டியின் மறுபக்கம் போயிருந்தார். அந்தப் பக்கம் அவர் போனால் இந்தப் பக்கத்திலிருந்து யாருக்கும் தெரியாது. ஜன்னலோரம் தேநீர் குடித்துக்கொண்டிருந்த மனேஜர் பார்த்தது ஒன்றைத்தான்: பட்டுச்சேலை உடுத்திய ஒரு பெண், பூதம் போன்ற ஒரு யூட், திறந்த ஓட்டுநர் கதவு.

வெளுப்பைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "அந்த வண்டியை நீங்களா ஓட்டுவீர்கள்?" என்று கேட்டார்.

"யெஸ்" என்றாள் இராசமலர். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அதை ஓட்டுகிறவருக்கு, விரிப்புகளை ஏற்றிப்போகும் எங்கள் வான் விளையாட்டுச் சாமான். அதை ஓட்டத்தான் ஆள் தேடுகிறேன். அடுத்த மாதம் லைசன்ஸோடு வாருங்கள்."

விஷயத்தைக் கேட்டதும் ஆனந்தராசா வண்டியைத் தெருவோரம் நிறுத்திவிட்டார். "உமக்குச் சைக்கிளே ஓடத் தெரியாதே!"

"ஓம். காட்டித் தாங்கோ."

காட்டித் தந்தார். அடுத்த வீட்டுத் தபால் பெட்டியை இரண்டு தரம் சாய்த்தாள். மூன்றாம் தரத்துக்கு முன் அவர்களே அதைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டார்கள். ஆனாலும் அந்த உயரத்தில் உட்கார்ந்தால் அவளுக்குப் பயம் விட்டுப்போயிற்று. மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது பரீட்சைக்கு நாள் கிடைத்தது. தவறினால் இன்னொரு நாள் கிடைக்காது. வேலையும் கிடைக்காது.

பரீட்சை எடுக்க வந்த அதிகாரி பெரிய ஆகிருதி. தொப்பி, சீருடை, கையில் பலகை. அவர் இடப் பக்கக் கதவைத் திறந்து இடது காலைத் தூக்கினார்.

"சேர்!" என்று கத்தினாள் இராசமலர். அவர் கால் அந்தரத்தில் நின்றது. "ரைட் லெக், சேர். பிளீஸ். லெஃப்ட் லெக் வெரி பாட் ஃபோர் மீ."

அவள் கண்ணில் தண்ணீர் முட்டி நின்றது. அந்தக் கண்ணைப் பார்த்துவிட்டு மனிதர் காலை மாற்றினார். வலது கால் படியில், இடது கால் உள்ளே, அவ்வளவுதான். சீருடையோடு சீட்டில் முழந்தாளிட்டுப் பின்கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். தொப்பி கண்ணுக்கு இறங்கிவிட்டது. இராசமலருக்கு இதில் புதுமையாக ஒன்றும் படவில்லை. அவளே அப்படி த்ரீ கிங்ஸ் வரை போயிருக்கிறாள். பெல்ட்டைப் போட்டு, இன்டிகேட்டரைப் போட்டு, வண்டியை எடுத்தாள்.

அவர் "நிறுத்துங்கள்" என்றார். நிறுத்தினாள். அவர் முதுகு டாஷ்போர்டில் முட்டியது. திரும்பப் பார்த்தார், கியர் கம்பி விடவில்லை. "சரி, போங்கள்" என்றார். இடம், வலம், சந்தி, ரயில் கடவை எல்லாம் முதுகுக்குப் பின்னால் நடந்தன. ஒரு சந்தியில் பின்னால் வந்த பஸ் டிரைவர் அவருக்குக் கை காட்டினார். சற்று யோசித்துவிட்டு அவரும் காட்டினார்.

திரும்பி வந்து நிறுத்தியதும் அதிகாரி வெளியே விழுந்து எழும்பி, தொப்பியைச் சரிசெய்தார். இராசமலர் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"முன்னால் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது, அம்மா" என்றார். "ஆனால் நாம் கடந்து வந்த இடமெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். எல்லாம் அப்படியே நிற்கிறது." பாஸ் என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஃபிரிட்ஜுக்கு அதற்குப் பிறகு பேச ஆளில்லை. இப்போது விடிய இராசமலர்தான் யூட்டை எடுப்பாள். போகிற வழியில் கணவரைக் கராஜில் இறக்கிவிடுவாள். வீட்டில் புறப்படும்போது அவர் இடப் பக்கக் கதவைத் திறப்பார். உள்ளிருந்து "வலக்கால்!" என்று குரல் வரும். ஆனந்தராசா எதிர்க்கட்சி நடத்தும் ஆள் இல்லை என்று முதலிலேயே சொன்னேன்.

ஒவ்வொரு நாளும் ஏன் இப்படித் திரும்பி நின்று வருகிறாய் என்று கராஜில் ஒருவன் கேட்டான்.

"வேலைக்குத்தானே போறன்" என்றார் ஆனந்தராசா. "வீட்டைப் பார்த்துக்கொண்டு போனால் கவலை குறைவு."