மூன்றாவது தரம் கூப்பிடும் முன்

வட்டமான ஒரு பாதையில் ஒரே இடத்தில் தொடங்கி எதிரெதிராக நடக்கும் இரண்டு பேர் சந்திக்காமல் இருக்க முடியாது. நான் கணிதம் படிப்பிக்கிறவன். இப்படிப்பட்ட கணக்குகளைக் கரும்பலகையில் எத்தனையோ தரம் போட்டிருக்கிறேன். ஆகவே அன்று காலையில் மகள் இதையே என்னிடம் சொன்னபோது நான் சரி என்றேன்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. மட்டக்களப்பில் பல்கலைக்கழக அனுமதி கிடைத்திருந்தது. போவதற்கு முன்னால் கந்தப்பளைக்கு அப்பால் இருக்கிற அந்த மலையைச் சுற்றி நடந்துவிட வேண்டும் என்று ஆசைப்பட்டாள். தேயிலை முடிகிற இடத்தில் தொடங்கி, பள்ளத்தாக்கின் மேல் விளிம்போடு போய், பைனஸ் காட்டுக்குள் நுழைந்து, தொடங்கிய இடத்துக்கே திரும்பி வரும் பாதை அது. அவளோடு படித்தவர்கள் எல்லாரும் போய்ப் படம் எடுத்துப் போட்டிருந்தார்கள். அந்தப் படங்களில் என் கண்ணில் பட்டது முகங்கள் அல்ல. முகங்களுக்குப் பின்னால் தரை இல்லாததுதான்.

"கூட்டாளிங்களோட போயிட்டு வர்றேன்ப்பா" என்றாள்.

"நான் வர்றேன்" என்றேன்.

மனைவி ரொட்டியையும் சம்பலையும் கட்டித் தந்தாள். மகள் வாசலுக்குப் போன பிறகு என் பக்கம் திரும்பி, "போங்க, வேணாங்கல. ஆனா அவள கொஞ்சம் மூச்சு விட விடுங்க" என்றாள்.

கடைசித் தேயிலை மலை வரை ஓட்டோவில் போனோம். ஓட்டுநர் என்னிடம் படித்தவன். என் காலிலிருந்த பளபளப்பான சப்பாத்தைப் பார்த்ததும் அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்னா சேர், பரிசளிப்பு விழாவுக்குப் போற மாதிரி வந்திருக்கீங்க? நீங்க மகளுக்குக் காவலா, மகள் ஒங்களுக்குக் காவலா?"

"ரெண்டாவதுதான் அண்ணே" என்றாள் மகள்.

ஒரு சின்ன முனியாண்டி கோயிலுக்குப் பக்கத்தில் எங்களை இறக்கிவிட்டு மேலே பார்த்தான். வானம் சுத்தமாக இருந்தது. ஆனாலும் சொன்னான்: "மேல பனி வந்திச்சுனா பேரச் சொல்லிக் கூப்புடாதீங்க சேர். கூப்புட்டாலும் மூணு தரம் கூப்புடுங்க. ஒரு தரம், ரெண்டு தரத்தோட நிறுத்துறது மனுசன் இல்ல."

"ஒனக்குக் கணக்கு படிச்சுக் குடுத்தேன். இத யாருடா படிச்சுக் குடுத்தது?"

"இதுக்கு டியூசன் தேவையில்ல சேர்."

தோட்டத்தில் வளர்ந்த யாருக்கும் இது புதிது அல்ல. பனிக்குள்ளிருந்து பெயர் கேட்டால் உடனே குரல் கொடுக்கக் கூடாது. மூன்றாவது தரமும் கேட்ட பிறகுதான் 'என்ன' என்று கேட்க வேண்டும். மகள் சின்னப் பிள்ளையாகத் தேயிலைக்கு நடுவே பள்ளிக்கூடம் போன காலத்தில் அவளுடைய அம்மா இதைச் சொல்லித்தான் அனுப்புவாள். யாராவது கூப்பிட்டால் பின்னால் போய்விடமாட்டாளே என்று நானும் அதைத் தடுக்கவில்லை. மகள் வளர்ந்த பிறகு வீட்டில் அது ஒரு பகிடியாகிவிட்டது. சாப்பிடக் கூப்பிட்டால் அறையிலிருந்து சத்தம் வராது. கேட்டால், "இன்னும் ஒரு தரம் கூப்புடணும்மா" என்பாள்.

அட்டை ஏறாமல் இருக்கக் காலில் குளிக்கிற சவர்க்காரத்தைப் பூசிக்கொண்டு நடக்கத் தொடங்கினோம். தேயிலை முடிந்து மானாப்புல் வந்தது. புல் எங்கள் தோளுக்கு மேல் நின்றது. பாதையின் ஒரு பக்கம் சரிவு. பெரிய சரிவு கூட இல்லை, உருண்டால் புல்லிலே நின்றுவிடலாம். ஆனாலும் என் வாய் நிற்கவில்லை. இந்தப் பக்கம் வா. கல்லில் கால் வைக்காதே. போனைப் பார்த்துக்கொண்டு நடக்காதே. முதலில் சிரித்தாள். பிறகு பதில் சொல்வதை நிறுத்தினாள். பாதை இரண்டாகப் பிரியும் இடத்தில் நான் அவள் முழங்கையைப் பிடித்தேன். அவள் நின்றுவிட்டாள்.

"அப்பா, நீங்க இப்பிடிப் புடிச்சுக்கிட்டே வந்தா நான் ஒங்க கையத்தான் பாத்துக்கிட்டு வரணும். வேறெதையும் பாக்க முடியாது."

"விழுந்துட்டேன்னா?"

"அடுத்த மாசம் மட்டக்களப்புல விழுந்தேன்னா யாரு புடிக்கிறது?"

நான் கையை எடுத்தேன்.

"நீங்க ஒரு பக்கமாப் போங்க, நான் மத்தப் பக்கமாப் போறேன். வட்டம்தானே? எங்கயாச்சும் ஒரு எடத்துல முட்டிக்குவோம். சரிதானே கணக்கு சேர்?"

மனைவி சொன்னது நினைவுக்கு வந்தது. கணக்கும் சரியாகத்தான் இருந்தது. அதோடு, எனக்குள் ஒரு தந்திரமும் ஓடியது. இடது பாதை நேராகப் பாறை விளிம்புக்குப் போகிறது. வலது பாதை பைனஸ் காட்டைச் சுற்றிக்கொண்டு விளிம்பின் மறு முனைக்கு வருகிறது. நான் இடது பாதையை எடுத்து விரைந்து நடந்தால், அவள் விளிம்புக்கு வரும்போது நான் அங்கே இருப்பேன். "சரி, நீ காட்டு வழியாப் போ" என்றேன். அவள் என் தந்திரத்தைக் கண்டுகொண்ட மாதிரி ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு, சிவப்புப் பையைத் தோளில் இழுத்துவிட்டுக்கொண்டு போனாள். புல் அவளை மறைத்தது.

அங்கே போனுக்குச் சிக்னல் இல்லை என்பது நான் கொஞ்சத் தூரம் போன பிறகுதான் தெரிந்தது.

விளிம்பை அடைந்தபோது மூச்சு வாங்கியது. அந்த மலையில் முன்பு சுண்ணாம்புக் கல் வெட்டினார்களாம். வெள்ளையும் சாம்பலுமான பாறை, மழையில் அரிபட்டு, வரிவரியாகப் பள்ளத்தாக்கின் மேல் நீட்டிக்கொண்டு நிற்கிறது. கீழே மரங்களின் தலைகள். அதற்கும் கீழே எங்கேயோ ஓர் ஆறு. ஆறு கண்ணுக்குத் தெரியவில்லை. இரைச்சல் மட்டும் ஏறி வந்தது. நான் பாதையின் உள்பக்கமாக, புல்லைப் பிடித்துப் பிடித்து நடந்தேன்.

பனி மேலிருந்து இறங்கவில்லை, கீழேயிருந்து வந்தது. பள்ளத்தாக்கு பால் பொங்குவது போல நிரம்பி, விளிம்பைத் தாண்டி, என் காலடிக்கு வந்து, பிறகு என்னையும் மூடியது. முன்னால் நாலு எட்டுக்குள் இருந்தவை மட்டும் தெரிந்தன. பாறை எங்கே முடிகிறது, பனி எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியவில்லை. இரண்டும் ஒரே வெள்ளை.

அந்த நேரத்தில் அவளும் விளிம்புக்கு வந்திருப்பாள் என்று நினைத்தேன். கையை வாயில் குவித்து அவள் பெயரைக் கூப்பிட்டேன். பதில் இல்லை. இன்னும் பலமாக இன்னொரு தரம் கூப்பிட்டேன். பதில் இல்லை. மறுபடி கூப்பிட மூச்சை இழுத்துக்கொண்டு ஓர் எட்டு முன்னால் வைத்தேன். ஈரப் பாறையில் சப்பாத்து வழுக்கியது.

உட்கார்ந்தபடியே விழுந்தேன். வலது கால் எதையோ உதைத்தது. தேங்காய் அளவு கல் ஒன்று உருண்டு போனது. பாறையில் இரண்டு இடத்தில் மோதும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு சத்தமும் இல்லை. நான் காத்திருந்தேன். வெகு கீழே ஒரு மரக்கிளை முறிந்தது.

இரண்டு கையாலும் புல்லைப் பிடித்துக்கொண்டு அப்படியே கிடந்தேன். வாயைத் திறந்தேன், தொண்டையிலிருந்து ஒன்றும் வரவில்லை. கொஞ்சத் தூரம் கையூன்றித் தவழ்ந்து, பிறகு எழுந்து நடந்தேன். மனத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: இந்த இடத்துக்கு அவள் வந்து சேரும் முன் அவளைப் பிடித்துவிட வேண்டும்.

விளிம்பு முடிந்து பைனஸ் மரங்கள் தொடங்கின. அவள் வரவில்லை. மரங்களுக்குள் பனி குறைவு. பாதை தூரம் வரை தெரிந்தது. அதில் மூன்று சிங்களப் பொடியன்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். என் மண் படிந்த காற்சட்டையைப் பார்த்ததும் பேச்சை நிறுத்தினார்கள்.

"மல்லி, மகே துவ தெக்காத?" என்று கேட்டேன். தம்பி, என் மகளைப் பார்த்தீர்களா. சிவப்புப் பை என்று கையால் காட்டினேன்.

"தெக்கா அங்கிள்" என்றான் உயரமானவன். "அக்கா இஸ்ஸரஹின் கியா."

பார்த்தார்களாம். அக்கா தங்களுக்கு முன்னால் போனாராம். காட்டு வழி முழுக்க அவளுடைய சிவப்புப் பை அவர்களுக்கு முன்னால் தெரிந்துகொண்டே இருந்ததாம். விளிம்புப் பக்கம் திரும்பியதையும் பார்த்தார்களாம்.

நான் விளிம்பிலிருந்துதான் வருகிறேன்.

அதை அவர்களிடம் எந்தப் பாஷையில் சொன்னேன் என்று நினைவில்லை. அவள் அந்தப் பக்கமாக விளிம்புக்குள் போயிருக்கிறாள். நான் இந்தப் பக்கமாக அதிலிருந்து வெளியே வந்திருக்கிறேன். இருப்பது ஒரே பாதை. நடுவில் நாங்கள் சந்திக்கவில்லை. கணக்குக்கு ஒரே ஒரு விடைதான் இருந்தது. அந்த விடை எனக்கு உடனே தெரிந்துவிட்டது. இன்றைக்கும் வகுப்பில் ஏதாவது ஒரு கணக்குக்கு விடை எழுதும்போது கை ஒரு விநாடி நின்றுவிடுகிறது.

பொடியன்கள் மறுபேச்சுப் பேசாமல் எனக்கு முன்னால் ஓடினார்கள். விளிம்பு தொடங்கும் இடத்தில் உயரமானவன் நின்று கையைக் காட்டினான். பாறை மேட்டுக்குப் பின்னால் மேலே ஒரு பாதை போனது. கீழே விளிம்போடு கல் வெட்டியவர்களின் பழைய பாதை. இரண்டும் கொஞ்சத் தூரம் பிரிந்து போய் மறுபடி சேர்கின்றன. பனிக்குள் நான் பிரிவையே பார்க்காமல் கீழ்ப் பாதையால் வந்திருக்கிறேன். அவள் மேலே போயிருக்கலாம். ஒருவரை ஒருவர் கடந்து போயிருக்கலாம். அப்படி இருந்துவிட வேண்டும் என்று எல்லாத் தெய்வத்தையும் வேண்டினேன். அவர்கள் மேல் பாதையால் போனார்கள். நான் கீழ்ப் பாதையால் போனேன்.

பனி கிழியத் தொடங்கியது. நான் விழுந்த இடம் வந்தது. புல் பிடுங்கப்பட்டுக் கிடந்தது. அதற்குப் பக்கத்தில் பாறை மேல் சிவப்புப் பை இருந்தது.

பை மட்டும்.

பையை ஒருவர் கழற்றி நேராக வைத்திருந்த மாதிரி இருந்தது. அதுதான் என்னை இன்னும் பயமுறுத்தியது. பைக்கு அப்பால் பாறை ஒரு படி இறங்கி, பிறகு இல்லாமல் போனது. அந்தப் படியிலிருந்து ஒரு குரல் வந்தது. ஆற்று இரைச்சலுக்குள் கிழிந்து கிழிந்து வந்தது.

"அப்பா... அப்பா..."

அவள் குப்புறப் படுத்திருந்தாள். தலையும் தோளும் விளிம்புக்கு வெளியே இருந்தன. கீழே பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். இன்னும் நன்றாகப் பார்ப்பதற்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகர்ந்துகொண்டிருந்தாள்.

கத்த வேண்டும் என்று உடம்பு முழுக்கத் துடித்தது. பத்தொன்பது வருடமாகச் செய்தது அதைத்தானே. கத்தினால் துள்ளித் திரும்புவாள். நான் மண்டியிட்டேன். சப்பாத்தைக் கழற்றினேன். பாறையில் வயிறு தேய இறங்கினேன். அவள் கணுக்கால் கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்த பிறகு, பக்கத்தில் படுத்திருக்கும் பிள்ளையை எழுப்புகிற மாதிரி, மெதுவாக அவள் பெயரைச் சொன்னேன்.

அவள் நகர்வது நின்றது. திரும்பவில்லை.

"அப்பா?"

"நான்தான். பின்னாலதான் இருக்கேன். அப்பிடியே பின்னால வா."

"நீங்க எங்க இருக்கீங்க?"

"ஒன் காலப் புடிக்கிறேன் பாரு."

இரண்டு கணுக்காலையும் பிடித்தேன். சவர்க்காரம் பூசிய கால், வழுக்கியது. விரல்களை இறுக்கினேன். அவள் அங்குலம் அங்குலமாகப் பின்னால் வந்தாள். பையிருந்த இடத்துக்கு ஏறியதும் என் சட்டையை இரண்டு கையாலும் பற்றி உலுக்கினாள். "ரெண்டு தரம் கூப்புட்டீங்க. ஏன் மூணாவது தரம் கூப்புடல? ஏன் கூப்புடல?" என்று அழுதாள். மேல் பாதையிலிருந்து பொடியன்கள் எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

திரும்பிப் போவதும் ஒன்றுதான், மிச்சத்தை நடப்பதும் ஒன்றுதான். மிச்சத்தை நடந்தோம். அவள் என் முழங்கையைப் பிடித்திருந்தாள். பைனஸ் மரங்களுக்குள் வந்த பிறகுதான் சொன்னாள். மேல் பாதையில் வந்துகொண்டிருந்தபோது பனிக்குள் பெயர் கேட்டதாம். என் குரல் மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்ததாம். அவளை அறியாமலே நின்றுவிட்டாளாம்.

"அந்த மூணு தரக் கதைய நம்பியா நின்ன?" என்று கேட்டேன்.

"நம்பல்லப்பா. ஆனா வாய் தொறக்கல. இன்னொரு தரம் கூப்புடுவீங்கன்னு நின்னேன். கல்லு உருண்டிச்சு. கொப்பு முறிஞ்சிச்சு. அதுக்குப் பொறகு நீங்க கூப்புடவே இல்ல. கீழ எறங்கி வந்து பாத்தா புல்லெல்லாம் பிடுங்கிக் கெடக்கு."

நான் அவளைத் தேடிப் போய்க்கொண்டிருந்த நேரமெல்லாம் அவள் நான் விழுந்த இடத்தில் படுத்து என்னைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

கோயிலடியில் ஓட்டோ நின்றது. ஓட்டுநர் என் கையிலிருந்த சப்பாத்தையும், எங்கள் முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். அவன் ஒரு பகிடியும் விடவில்லை. வீட்டில் மனைவி, "எப்பிடி இருந்திச்சு?" என்று கேட்டாள். "பனி" என்றேன். "நல்லா இருந்திச்சு" என்றாள் மகள். ரொட்டிப் பார்சல் கட்டியபடியே பையில் இருந்தது. மனைவி அதை எடுத்துப் பார்த்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள். எல்லாவற்றையும் அவளிடம் சொல்ல எனக்குச் சில நாள் எடுத்தது.

மகள் மட்டக்களப்புக்குப் போய்விட்டாள். இப்போதும் தூக்கத்தில் அந்தக் கல் உருளுகிறது. கிளை முறிவதற்கு முன்னால் நான் விழித்துவிடுகிறேன். அவளை ஏற்றிவிட நுவரெலியா பஸ் நிலையத்துக்குப் போன காலையிலும் பனிதான். பஸ் நகரும்போது அவள் யன்னலில் இல்லை, உள்ளே குனிந்து பையை வைத்துக்கொண்டிருந்தாள். நான் பெயரைக் கூப்பிட்டேன், ஒரே ஒரு தரம். பஸ் இரைச்சலில் கேட்டிருக்கவே முடியாத அளவு மெதுவாக.

"என்னப்பா?" என்று உடனே தலையை நீட்டினாள்.

கையை அசைத்தேன். தலையை உள்ளே எடு என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை.